அம்மாவைச் சக்கர நாற்காலியில் கண்டல் காட்டுக்கு அழைத்துப் போகணும்: டர்பன் பக்கம் இடம் சொல்லுங்கள்

கிள்ளைப்பெண், டர்பன் நார்த்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் டர்பனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. போன ஆண்டு அம்மாவையும் அழைத்து வந்துவிட்டோம். வயது 71. பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் சரியாக வரவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடப்பார். வெளியே என்றால் சக்கர நாற்காலிதான்.

அம்மா பிறந்து வளர்ந்தது சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையில். கழியோரச் சேற்றில் நிற்கும் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு (கண்டல் காடு, அலையாத்திக் காடு என்றும் சொல்வார்கள்) அவருக்குக் கொல்லைப்புறம் மாதிரி. எங்கள் தாத்தாவோடு படகில் போய் இறால் பிடித்தவர். இங்கே ஒரு நாள் எம்4 சாலையில் உம்கேனி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பி, "இது கண்டல் காடாச்சே!" என்றார். வண்டியை அங்கே நிறுத்த வழியில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்தப் பேச்சு வந்துவிடுகிறது.

சரி என்று போன மாதம் ஒரு இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். பெயர் வேண்டாம். நாற்காலிக்கு ஏற்ற பாதை என்று வாசலில் படம் போட்டிருந்தது. நாற்பது அடி தள்ளியதும் பாதை மணலாகிவிட்டது, முன் சக்கரம் புதைந்து அம்மா முன்னால் சரிந்தார். பெல்ட் போட்டிருந்ததால் விழவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஓடி வந்து நாற்காலியோடு தூக்கிக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்கு ஆயிரம் நன்றி. ஆனால் நாலு பேர் பார்க்கத் தூக்கிச் சுமக்கப்பட்டது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, "இனிமே எனக்காக எங்கயும் கிளம்பாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஒரே ஒரு கழியோரம் வேண்டும். படி கூடாது, மணல் கூடாது, நீளமும் வேண்டாம். அந்த மரத்தைக் கிட்டத்தில் பார்க்கிற மாதிரி இருந்தால் போதும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நாரைக்கண், சாட்ஸ்வர்த்

வணக்கம் சகோதரி. உங்கள் அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். பாலத்திலிருந்து தெரிவது பீச்வுட் கண்டல் காடு. ஆறு கடலில் சேரும் இடத்தில் வடகரையில் 76 ஹெக்டேர் காப்பகம். பிச்சாவரம் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் என்பதால் அம்மாவுக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய நகரத்துக்குள் இது மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம்.

அங்கே மூன்று வகை மரம். வெண்கண்டலுக்குச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சு வேர் நிமிர்ந்து நிற்கும். கருங்கண்டலின் வேர் முழங்காலை மடக்கினது போல் மேலே வந்து மறுபடி உள்ளே போகும். சிவப்புக் கண்டலுக்கு விழுது மாதிரித் தாங்கு வேர். இந்த மூன்றாவதுதான் உங்கள் ஊர்ச் சுரபுன்னை. வெண்கண்டலும் பிச்சாவரத்தில் இருப்பதேதான், ஒரே இனம். அம்மாவுக்குப் பெயர் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் தடவை காட்டுக்குள் போக வேண்டாம், எதிர்க்கரையிலிருந்து தொடங்குங்கள். புளூ லகூன் பக்கம் கடற்கரை நடைபாதையின் வடகோடி இருக்கிறதல்லவா, அங்கே தளம் மட்டமாக, கெட்டியாக இருக்கும். ஆற்று முகமும் எதிரே காடும் தெரியும், பறவைகளும் தெரியும். ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு நாற்காலி மேல் மறுபடி நம்பிக்கை வரட்டும், அப்புறம் கிட்டப் போகலாம்.

இன்னொன்று, நேரம். இதைப் பலர் கவனிப்பதில்லை. நீர் ஏறியிருக்கும்போது போனால் தண்ணீரும் இலையும்தான் தெரியும். வற்றியிருக்கும்போதுதான் வேர், நண்டு, சேற்றில் தத்தித் தாவுகிற மீன் எல்லாம். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு நாள் காலை பத்து மணி சுமாருக்கு நீர் நன்றாக வற்றும். அஷ்டமி ஒட்டிய நாட்களில் அதே நேரத்தில் ஏறி நிற்கும், அதோடு ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய வித்தியாசமும் இருக்காது. வீட்டில் தமிழ் தினசரி காலண்டர் இருந்தால் நாளைக் குறித்துவிடலாம். நிமிடக் கணக்குக்கு மட்டும் அலை அட்டவணை பாருங்கள்.


பீனிக்ஸ்வாசி

அக்கா, நான் பதினோரு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. தூக்கிச் சுமக்கப்படுவது எப்படி இருக்கும் என்று தெரியும். தயவுசெய்து அம்மாவை விட்டுவிடாதீர்கள்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். "நாற்காலிக்கு ஏற்றது" என்ற வார்த்தையை நம்பாமல் அளவைக் கேட்க வேண்டும். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. நடக்கிறவருக்கு இரண்டு அங்குல மேடு கண்ணில் படாது, அவ்வளவுதான். போவதற்கு முன்னால் போன் செய்து, அங்கே அன்றாடம் நடந்து வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

பாதையின் மிகக் குறுகலான இடம் எத்தனை அகலம் என்று முதலில் கேளுங்கள். நாற்காலி 65 சென்டிமீட்டர் இருக்கும், கை இடிக்காமல் இருக்க 90 வேண்டும், எதிரே ஆள் வந்தால் அதுவும் போதாது. திரும்ப இடம் இருக்கிறதா? 1.5 மீட்டர் வட்டம் இல்லாவிட்டால் பின்னோக்கித்தான் வர வேண்டியிருக்கும். பலகைப் பாதையில் பின்னோக்கி வருவது பயங்கரம். சரிவுக்குக் கணக்கு 1:12. அதாவது 30 சென்டிமீட்டர் ஏற 3.6 மீட்டர் நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்குக் கை வலிக்கும், இறங்கும்போது நாற்காலி இழுத்துக்கொண்டு போகும்.

பலகை என்றால் அது எந்தத் திசையில் அடித்திருக்கிறது என்பதுதான் முக்கியம். குறுக்கே அடித்திருந்தால் லொட லொட என்று ஆடும், ஆனால் போய்விடலாம். போகிற திசையிலேயே நீளவாக்கில் அடித்திருந்தால் முன் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். இடுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நான் போக மாட்டேன். ஓரத்தில் சக்கரம் நழுவாமல் ஒரு கட்டை அடித்திருக்க வேண்டும். மழைக்கு மறுநாள் பாசி வழுக்கும். அப்புறம் கழிப்பறைக் கதவின் அகலம். இதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

இதெல்லாம் சரியாக இருக்கிற பாதை கால் கிலோமீட்டர்கூட இருக்காது. பரவாயில்லை. மனதில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். கண்டல் காடு நடப்பதற்கான இடமே இல்லை. அங்கே இருக்கிற உயிர்கள் எல்லாம் காலடி அதிர்ந்தால் வளைக்குள் போய்விடும். கூட்டமாக வருகிறவர்கள் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்புவார்கள். நான் பிரேக் போட்டுவிட்டு அசையாமல் இருப்பேன். ஐந்து நிமிடத்தில் ஒரு வளையில் இரண்டு கண் தெரியும். பத்தாவது நிமிடம் நூறு நண்டு வெளியே நிற்கும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும், அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். என் கண் உயரம் நின்று பார்க்கிறவர்களைவிடச் சேற்றுக்கு அரை மீட்டர் கிட்டத்தில் இருக்கிறது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.


கிள்ளைப்பெண்

தம்பி, இதை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளை சொல்றது நிஜம், நண்டு புடிக்கப் போனா அப்பா எங்களை மூச்சுக்கூட விட விடமாட்டாரு" என்றார். அவராகவே பேசியது நிறைய நாளைக்குப் பிறகு.


மாலா பிசியோ

அம்மாவைப் போன்ற நோயாளிகளோடு தினமும் வேலை செய்கிறேன், அதனால் இரண்டு மூன்று விஷயம்.

இடது கை உணர்வு குறைவாக இருந்தால் அது தானாகத் தொங்கிச் சக்கரக் கம்பிக்குள் போகலாம். அவருக்கு வலிக்காது, அதனால் சொல்லவும் மாட்டார். மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் கையை வையுங்கள். இடது பாதம் மிதியில் இருக்கிறதா என்று அடிக்கடிக் குனிந்து பாருங்கள். பலகை மேல் ஆடும்போது நழுவும்.

கரடான தளத்தில் மெத்தை இல்லாமல் உட்காரவைக்காதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை உடம்பைச் சாய்த்து எடையை மாற்றிவிடுங்கள். சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் கீழே நின்று, பின்பக்கமாக இறக்குங்கள். பலர் முகத்தை முன்னால் வைத்துத் தள்ளுகிறார்கள், அதில்தான் சரிந்து விழுகிறார்கள்.

ஜூன், ஜூலையில் போங்கள். வெயில் இதமாக இருக்கும், மழை குறைவு, கொசுவும் குறைவு. டர்பனில் மலேரியா பயம் இல்லை. யாராவது கோசி பே வரைக்கும் போகச் சொன்னால் மட்டும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மொசாம்பிக் எல்லைப் பக்கம் மலேரியா உண்டு.


வலைகாரர் பேரன், மெர்பேங்க்

இங்கே நாங்கள் நாலாவது தலைமுறை. தமிழ் எழுத வளர்ந்த பிறகுதான் கோயில் வகுப்பில் கற்றேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சைப் படித்ததும் என் தாத்தா நினைவு வந்துவிட்டது.

தாத்தா டர்பன் குடாவில் கரைவலை இழுத்தவர். ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தை விட்டு வந்தவர்களில் மீன்பிடிக்கப் போன குடும்பங்கள் எங்களுடையது போல் பல உண்டு. குடாவுக்குள் சாலிஸ்பரி தீவில் அவர்கள் குடிசை போட்டு இருந்தார்கள். அப்போது குடா ஓரமெல்லாம் கண்டல் காடு என்று தாத்தா சொல்வார். துறைமுகம் பெருகப் பெருக எல்லாம் தூர்ந்துபோனது. தீவே கரையோடு சேர்ந்துவிட்டது. 1961இல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரியை அந்தத் தீவில்தான் திறந்தார்கள், எங்கள் பெரியப்பா அதில் படித்தவர். 1972இல் அது வெஸ்ட்வில்லுக்குப் போனது. இப்போது குடாவில் மிஞ்சியிருப்பது பேஹெட் பக்கத்தில் 15 ஹெக்டேர் அளவு காடு. சுற்றிலும் கன்டெய்னர், ரயில் தண்டவாளம், நடுவில் அந்த மரங்கள்.

சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு கரிப்பிடித்த இரும்பு அண்டா கிடந்தது. உள்பக்கம் செங்கல் நிறத்தில் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கண்டல் பட்டையை வேகவைத்துப் பருத்தி வலைக்குச் சாயம் போட்ட அண்டா அது. சாயம் ஏறினால் வலை உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகாது என்பார் தாத்தா. கிள்ளையிலும் அப்படிச் செய்வார்களா? உங்கள் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். எனக்குக் கேட்க வேறு ஆளில்லை.


மணல்மேடு

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். காட்டுக்குள் பாதை போட்டாலே காடு கெடும் என்று நினைக்கிறேன். பாதை வந்தால் கூட்டம் வரும், குப்பை வரும். இருப்பதே கொஞ்சம். தூரத்திலிருந்து பார்த்தால் போதாதா? நாரைக்கண் சொன்ன மாதிரி பைனாகுலரே நல்ல வழி.


நாரைக்கண்

உங்கள் கவலை நியாயமானது ஐயா. ஆனால் நான் பார்த்தவரை மரத்தைக் கெடுப்பது பாதை இல்லாத கால்கள். அந்தப் பென்சில் வேர்தான் வெண்கண்டல் மூச்சு விடும் குழாய். சேற்றுக்குள் காற்று கிடையாது. மனிதர் கால் அழுத்தி வேர் ஒடிந்து சேறு இறுகினால் மரம் திணறும். தூண் நட்டு உயர்த்திக் கட்டிய பலகைப் பாதை அந்தக் கால்களை மேலே ஏற்றிவிடுகிறது. நீரும் நண்டும் அடியில் அதுபாட்டுக்குப் போகும்.

குப்பை வருவதும் பார்வையாளர் கையிலிருந்து அவ்வளவாக இல்லை. நல்ல மழை பெய்தால் ஆறு மேலே இருந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வருகிறது. 2022 ஏப்ரல் பெருவெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். பிளாஸ்டிக் புட்டியும் பையும் வேர்களுக்கு நடுவே சீப்பில் முடி மாட்டுவது போல் மாட்டிக்கொள்ளும். அதைப் பொறுக்க வருகிறவர்கள் யார்? ஒரு தடவையாவது உள்ளே போய் அந்த மரத்தைப் பார்த்தவர்கள்தான்.


பீனிக்ஸ்வாசி

மணல்மேடு ஐயா, தூரத்திலிருந்து பார்த்தால் போதாதா என்று கேட்டீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, மனதில் இருப்பதைச் சொல்கிறேன். எங்களுக்கு எல்லாமே தூரத்திலிருந்துதான் கிடைக்கிறது. கடல் தூரத்திலிருந்து, கோயில் கருவறை தூரத்திலிருந்து, தீமிதி அடுத்தவர் முதுகுக்குப் பின்னாலிருந்து. ஐம்பது மீட்டர் பலகை போதும். நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை.


மணல்மேடு

தம்பி, அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்தேன். நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை. மன்னிக்கணும். பலகையை உயர்த்திக் கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.


சிட்னி சித்ரா

நான் டர்பனில் பிறந்தவள், இப்போது சிட்னியில் இருக்கிறேன். இங்கே ஒலிம்பிக் பார்க்கில் பவல்ஸ் கிரீக் என்ற ஓடையோரம் பாது சதுப்பு என்று ஒன்று உண்டு. பாது என்றால் இந்த மண்ணின் பூர்வகுடிகள் பேச்சில் தண்ணீர். மரம் அதே வெண்கண்டல்தான், நடுவில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். போகும்போதெல்லாம் பீச்வுட்டை நினைத்துக்கொள்வேன். அதே மரத்தைச் சுற்றி அங்கேயும் இப்படி ஒன்றைக் கட்ட முடியும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.


நாரைக்கண்

கிள்ளைப்பெண், புளூ லகூன் போய்ப் பார்த்து அம்மாவுக்குத் தெம்பு வந்தால் அடுத்ததாக எம்துன்சினி யோசியுங்கள். என்2 நெடுஞ்சாலையில் வடக்கே ஒன்றரை மணி நேரம். உம்லலாசி ஆறு கடலோரம் வளைந்து ஓடும் இடத்தில் இயற்கைக் காப்பகம் இருக்கிறது. ஆற்றோரம் கண்டல் காடு, மரங்கள் உயரமாக இருக்கும், நிழல் அடர்த்தி. எம்துன்சினி என்றாலே சூலு மொழியில் நிழலில் என்று அர்த்தம்.

குளிர்காலத்தில் போனால் கண்டல் மீன்கொத்தி கிடைக்கலாம். நீலமும் சாம்பலும், அலகு மட்டும் செக்கச் செவேல். கோடையில் உள்நாட்டு ஆற்றோரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குக் கடலோரக் கண்டலுக்கு வரும் பறவை. ஊருக்குள் ராபியா பனைத் தோப்பும் உண்டு. ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்துவிட்டுப் பட்டுப்போகும் பனை. அதன் பழத்தைத் தின்கிற கழுகு அங்கே கூடு கட்டுகிறது. பிணந்தின்னிக் கழுகு வகையில் பழத்தையே முக்கிய உணவாகத் தின்பது அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

தரை எப்படி இருக்கிறது என்பதைப் பீனிக்ஸ்வாசி சொன்ன கேள்விகளோடு முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் நடக்கிறவன், என் கண்ணை நம்ப வேண்டாம்.


கிள்ளைப்பெண்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். போய் வந்தோம்! கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

முதலில் புளூ லகூன். பௌர்ணமிக்கு அடுத்த நாள், காலை ஒன்பதரை. அம்மா வண்டியிலிருந்து இறங்கத் தயங்கினார். தரையைக் காட்டினேன். காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "சிமெண்டுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. நடுவழியில் என் கையைத் தட்டிவிட்டு வலது கையால் தானே சக்கரத்தை இரண்டு தள்ளுத் தள்ளினார். ஒரு பக்கம் மட்டும் தள்ளியதால் வட்டமடித்தது, அதற்குச் சிரித்தார். எதிர்க்கரைக் காட்டை ரொம்ப நேரம் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "கிட்டப் போகணும்" என்றார். அவர் வாயால் அது வந்தது எனக்குப் போதும்.

எம்துன்சினிக்குப் போவதற்கு முந்தின வாரம் என் வீட்டுக்காரரும் பையனும் மட்டும் போய் அளந்துவிட்டு வந்தார்கள். பையனுக்குப் பதினாலு வயது. தம்பி சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டேப்போடு போனான். காட்டுக்குள் போகும் பாதை மூச்சு வேர்களுக்கு நடுவே குறுகலாக இருந்தது, எங்கள் நாற்காலிக்கு ஒத்துவராது என்று எழுதிக்கொண்டு வந்தான். ஆனால் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஆற்றோரத்து மரங்கள் வரைக்கும் மண்பாதை கெட்டியாக இருக்கிறது, நடுவில் ஒன்பது மீட்டர் மட்டும் பொருபொருவென்று மணல் என்றான். அதற்கு இரண்டு பிளைவுட் பலகை வாங்கினோம். 90 சென்டிமீட்டர் அகலம், 1.2 மீட்டர் நீளம். ஒன்றின் மேல் நாற்காலி நிற்கும்போது மற்றதை முன்னால் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஒன்பது மீட்டருக்குக் கால் மணி நேரம் ஆனது. யாரும் தூக்கவில்லை. மணல்மேடு ஐயா, பலகையை வெறும் மணலில்தான் போட்டோம், ஒரு வேர் மேலும் படவில்லை.

அங்கே நிழலில் ஒரு வெண்கண்டல் தாழ்ந்து நின்றது. நீர் வற்றி, சேறு மினுமினுவென்று இருந்தது. அழுகின முட்டை வாடை. என் பையன் மூக்கைப் பொத்தினான். அம்மா நன்றாக இழுத்து மூச்சு விட்டார். "இதுதான்டா எங்க ஊரு வாசனை" என்றார். பிரேக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் சும்மா இருந்தோம்.

முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் சேற்றில் பொத்தல் பொத்தலாக இருந்ததில் ஒன்று அசைந்தது. சிவப்புக் கொடுக்கு ஒன்று வெளியே வந்து நின்றது. அது எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம். பழுத்து விழுந்த மஞ்சள் இலை ஒன்று அம்மா பாதத்துக்கு இரண்டு அடி தள்ளிக் கிடந்தது. நண்டு பக்கவாட்டில் ஓடி வந்து இலையின் காம்பைப் பிடித்து, வளை வாய்க்கு இழுத்துக்கொண்டு போனது. இலை அகலம், வளை குறுகல், உள்ளே போகவில்லை. வெளியே வந்தது, இலையைச் சுருட்டுவது போல் திருப்பியது, மறுபடி இழுத்தது. மூன்றாவது தடவை இலை உள்ளே சர்ரென்று போனது. அம்மா வலது கையைத் தொடையில் தட்டினார். மற்ற நண்டெல்லாம் அந்தச் சத்தத்துக்கு ஓடி ஒளிந்துவிட்டன. மறுபடி பத்து நிமிடம் காத்திருந்தோம்.

தாழ்ந்த கிளை அம்மா கைக்கு எட்டியது. இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தார். பையனையும் வைக்கச் சொன்னார். உப்பு! இந்த மரம் உப்புத் தண்ணீரைக் குடித்து உப்பை இலை வழியாகக் கக்கிவிடும், சுரபுன்னை அப்படியில்லை, வேரிலேயே வடிகட்டிவிடும் என்று அவனுக்குப் பாடம் நடத்தினார். அவன் பாட்டியிடம் இவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நீர் ஏற ஆரம்பிக்கும் முன்பே நத்தைகள் மரத்தில் ஏறத் தொடங்கின. ஓட்டின் நுனி ஒடிந்தது போல் இருக்கும் நத்தை. தண்ணீர் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. "கெளம்பலாம், தண்ணி வருது, இதுங்களுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றார் அம்மா. நாங்கள் பலகையைப் போட்டுத் திரும்பி வண்டிக்குப் போய், கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரே சேறு மறைந்துவிட்டது.

மீன்கொத்தியைப் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது என்று வீட்டுக்காரர் சொல்கிறார், எனக்கு நிச்சயமில்லை.

வலைகாரர் பேரன் அண்ணா, உங்கள் அண்டாவைப் பற்றிக் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், அவர்கள் வீட்டில் அது மண் பானை. கண்டல் பட்டையை இடித்துப் போட்டு விடிய விடியக் கொதிக்கவிடுவார்களாம். சாயத்தில் முக்கின வலையைப் பிழிந்து காயப்போடுவது பெண்பிள்ளைகள் வேலை. அம்மா உள்ளங்கை கல்யாணத்தன்றைக்கும் சிவப்பாகவே இருந்ததாம், மருதாணி எது பட்டை எது என்று தெரியவில்லையாம். நைலான் வலை வந்த பிறகு அதெல்லாம் போய்விட்டது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் எழுதியது நாங்கள் போன நாளின் நிலை. ஒரு மழை பெய்தால் அந்த மண் மாறிவிடும். நீங்களும் கேட்டு, முடிந்தால் ஒருவர் முன்னால் போய் அளந்துவிட்டுப் போங்கள்.


வலைகாரர் பேரன்

அக்கா, அம்மா சொன்னதை என் அத்தைக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவருக்கு 84. "எங்கம்மா கையும் அப்படித்தான் இருக்கும்" என்றார், அதற்கு மேல் பேச முடியவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களும் சாயம் போட்டார்கள் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. தாத்தா கதையில் தாத்தா மட்டும்தான் இருந்தார்.

ஒரு சின்ன விஷயம். யாராவது ஆசைப்பட்டுப் பட்டை உரித்துவிடாதீர்கள். கருங்கண்டலும் சிவப்புக் கண்டலும் இங்கே 1998ஆம் ஆண்டு வனச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரங்கள்.


மாலா பிசியோ

வலது கையால் தானே தள்ளினார் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஒரு கைக்காரர்களுக்கு நல்ல காலையும் தரையில் ஊன்றி ஓட்டச் சொல்லிக்கொடுக்கலாம், அப்போது வட்டமடிக்காது. அதற்கு இருக்கை கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். வலது பக்க மிதியைக் கழற்றிவிட்டு வீட்டு வராண்டாவில் பழக்குங்கள்.


பீனிக்ஸ்வாசி

அக்கா, அந்த இலை மூன்றாவது தடவை உள்ளே போனதை நான் இங்கிருந்தே பார்த்துவிட்டேன். பையனிடம் சொல்லுங்கள், அவன் அளந்தது மாதிரி எனக்கு யாரும் அளந்து கொடுத்ததில்லை.

வருகிற அமாவாசைக்கு மறுநாள் சனிக்கிழமை. புளூ லகூனில் ஒன்பதரைக்கு நான் வருகிறேன். அம்மா வர முடியுமா?


கிள்ளைப்பெண்

வருகிறோம் தம்பி. அம்மா இப்போதே உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கச் சொல்கிறார். இறால் வறுவல் சாப்பிடுவாயா, இல்லை சைவமா?


பீனிக்ஸ்வாசி

புரட்டாசி தவிர எல்லாம் சாப்பிடுவேன் அக்கா.


வலைகாரர் பேரன்

நானும் அத்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அத்தையும் நாற்காலிதான். அந்தப் பிளைவுட் பலகை இரண்டையும் கொடுத்தால் என் பக்கி வண்டியில் (பின்னால் திறந்த சின்ன சரக்கு வண்டி) போட்டுக்கொள்கிறேன், அடுத்த மாதம் எம்துன்சினிக்கு எல்லோருமாகப் போகலாம். இன்னும் இரண்டு பலகை நான் வாங்கிவிடுகிறேன்.